ராணி என்றொரு தகப்பன்

வீட்டில் முயல் வளர்ப்போர் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால், வாசிப்பதைச் சற்றே நிறுத்தித் தம் முயல்கள் ஆணா, பெண்ணா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருமாறு முதற்கண் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் பார்க்கவில்லை. பார்க்காததன் பலனை 2020ஆம் ஆண்டு நோன்பு மாதம் முழுவதும் அனுபவித்தோம்.

எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணி. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாவை அடுத்துள்ளது. ஆடு, மாடு, கோழி என்று ஏதாவதொன்று இல்லாத வளவை இங்கே காண்பது அரிது. பசுவொன்று சினைப்பட்டதா இல்லையா என்பதை அது நடக்கும் நடையைப் பார்த்தே சொல்லக்கூடிய முதியவர்கள் எங்கள் தெருவில் உண்டு. ஆனால் முயலென்று வந்தால் அவர்களும் கையை விரித்துவிடுவார்கள். முயலென்பது இங்கே காட்டில் ஓடுவது, வீட்டில் வளர்வதன்று.

அந்த வருஷம் ஜனவரி மாத இறுதியில் பிள்ளைகளின் வாப்பா திருகோணமலை நகருக்குப் போனவர், கிண்ணியாப் பாலத்தைக் கடந்து திரும்பி வரும்போது அட்டைப்பெட்டி ஒன்றையும் கையோடு கொண்டுவந்தார். உள்ளே இரண்டு முயற் குட்டிகள். ஒன்று பஞ்சுபோல் வெள்ளை. மற்றது சாம்பல் நிறம். "இரண்டும் பெட்டை, பெருகிவிடும் என்ற பயமே வேண்டாம்" என்று விற்றவர் உறுதி கூறினாராம். எங்கள் இளைய மகளுக்கு அப்போது 9 வயது. வெள்ளைக்குப் பஞ்சு என்றும் சாம்பலுக்கு ராணி என்றும் பெயர் சூட்டினாள். இரண்டும் ஒரே கூட்டில் உண்டன. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்கின. மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டன, ஊரடங்கும் வந்தது. வெளியே போக வழியற்றிருந்த பிள்ளைக்கு அந்தக் கூடே உலகமாயிற்று.

நோன்பு 2. அஸர் தொழுகையை முடித்துக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். மகள் ஓடிவந்தாள்.

"உம்மா! ராணி பஞ்சுவின் முதுகில் ஏறிச் சண்டை பிடிக்கிறாள். பிறகு ஏதோ சத்தமிட்டுப் பக்கவாட்டில் விழுந்துவிட்டாள். மயக்கமோ தெரியவில்லை!"

நான் போய்ப் பார்த்தபோது ராணிக்கு மயக்கமுமில்லை, ஒன்றுமில்லை. முருங்கை இலையை மென்றபடி இருந்தாள். பஞ்சு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. எனக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ இடறியது. நான்கு பிள்ளைகளைப் பெற்றவளுக்கு அது சண்டையன்று என்பது விளங்காதா? இருந்தும் இரண்டும் பெட்டையல்லவா என்ற எண்ணம் குறுக்கே நின்றது.

பிள்ளைகளின் வாப்பா விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்தக் கதைதான். "பெட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பயப்படாதீர்கள்" என்று கூறி முடித்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதைப் பின்னர் அறிந்தேன். பெண் முயல்களும் தம்மில் யார் பெரியவரென்று காட்ட அவ்வாறு செய்வதுண்டு. பக்கவாட்டில் விழுவதுதான் வேறு கதை. அது பெரும்பாலும் ஆண் முயலின் காரியம்.

மறுநாட் காலை கால்நடை வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "இப்போது இரண்டும் எங்கே?" என்பது. ஒரே கூட்டில்தான் என்றேன். "முதலில் பிரித்துவிட்டு வந்து பேசுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றார். மாமியின் பழைய கோழிக்கூட்டில் ராணியைக் கொண்டுபோய் விட்டுவந்தேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல, ராணியை மடியில் மல்லாத்தி, வாலின் அடியில் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். பெண்ணானால் நீளமான பிளவாகத் தோன்றும். ஆணானால் வட்டமாக, சிறு குழல்போல் வெளியே வரும். அதற்கும் அவசியமிருக்கவில்லை. நான்கு மாத வயதில் ஆண் முயலுக்கு விதைகள் வெளிப்படையாகவே தெரியும். கண்ணிருந்தும் நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவே. ஆறு வாரக் குட்டியில் இந்த வேறுபாட்டைக் காண்பது பழகியவர்களுக்கும் கடினமாம். ஆகவே விற்றவரையும் முழுதாகக் குறைகூற மனம் வரவில்லை.

இனி எங்கள் சந்தேகம்: பஞ்சு சினைப்பட்டதா, இல்லையா?

வைத்தியர் கூறியவற்றை ஒரு பழைய பஞ்சாங்கத்தின் பின்புறத்தில் எழுதிவைத்தேன். முயலுக்குச் சினைக்காலம் 31 நாள். ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆனால் நாங்கள் கண்டதுதான் முதல் தடவை என்று எவர் சொல்வது? காணாமல் எத்தனை முறை நடந்ததோ! எனவே கடைசி நாளை மாத்திரமே கணக்கிட முடியும். முதல் நாளைக் கணக்கிட முடியாது. மே மாதம் 28ஆந் திகதிக்குள் ஒன்றும் நிகழாவிட்டால் தப்பினோம். அதற்கு முன் எந்த இரவிலும் நிகழலாம். பஞ்சுவுக்கு வயது நான்கு மாதத்துக்குச் சற்றே மேல். தாயாவதற்கு அது பிஞ்சு வயது. முதல் ஈற்றில் குட்டிகள் இறப்பது அரிதன்று, தாய்க்கும் அபாயமுண்டு. ஆரம்பத்திலேயே கர்ப்பப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை உண்டென்றும், முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகியவர்களே அதைச் செய்யவேண்டுமென்றும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் போன்ற இடங்களில் விசாரிக்கலாமென்றும் கூறினார். ஊரடங்கு நாளில் மலைநாடு வரை முயலைக் கொண்டுபோவது எங்ஙனம்? அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

செய்தி தங்கைக்குப் போயிற்று. அவள் உடனே ஒரு யோசனை சொன்னாள்: "மருந்துக்கடையில் பெண்களுக்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை இருக்கிறதே, ராத்தா! முயலின் சிறுநீரில் பார்த்தால் என்ன?" நானும் வெட்கத்தை விட்டு வைத்தியரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அந்த அட்டை மனுஷிகளின் உடலில் சுரக்கும் ஒருவகைச் சுரப்பை மாத்திரமே காட்டும். முயலிடம் அது கிடையாது. சிரித்து முடித்தபின் அவர் சொன்ன வேறொரு செய்திதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

1931ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் ஃபிரீட்மன், மேக்ஸ்வெல் லபம் என்ற இரு மருத்துவர்கள், பெண்கள் கர்ப்பமுற்றிருக்கிறார்களா என்பதை அறிய ஒரு சோதனையைக் கண்டனர். பெண்ணின் சிறுநீரை ஒரு பெண் முயலின் காது நரம்பில் ஏற்றுவார்கள். ஏறக்குறைய இரண்டு நாள் சென்றபின் முயலின் சூலகத்தைத் திறந்து பார்ப்பார்கள். முயலுக்கு ஓர் இயல்பு உண்டு. மற்றப் பிராணிகளைப்போல் காலம் வந்ததும் தானாகவே முட்டை வெளிப்படுவதில்லை. ஆணுடன் சேர்ந்து சுமார் பத்து மணி நேரம் சென்ற பிறகே வெளிப்படும். ஆகவே ஆணின்றித் தனியே அடைத்த முயலின் சூலகத்தில் மாறுதல் காணப்பட்டால், அது அந்தப் பெண்ணின் சிறுநீரால் வந்ததே என்று முடிவு செய்யலாம். அக்காலத்தில் விடை ஓமாயினும் இல்லையாயினும் முயல் கொல்லப்பட்டது. கர்ப்பமானால் மாத்திரமே முயல் சாகும் என்று பலர் நம்பியது தவறு. எத்தனையோ பெண்களுக்கு நற்செய்தி சொல்ல உயிர்விட்ட இனம் அது. அதே இனத்தில் ஒருத்திக்கு இன்று என்ன நேர்ந்ததென்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டு அட்டையும் இல்லை.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார். இந்த இயல்பினாலேயே முயலுக்குப் பொய்ச்சினை என்பதும் வரும். சேர்ந்தும் கருத்தரிக்காவிட்டால், அல்லது பெட்டையே பெட்டையின் மீது ஏறினாலுங்கூட, உடல் ஏமாந்து தன்னைத் தாயென்று எண்ணிக்கொள்ளும். 16, 17 நாள் சென்றதும் புல்லை வாயில் கவ்வி, மார்பு மயிரைப் பிடுங்கிப் படுக்கை கட்டும். பிறகு ஒன்றும் நிகழாது.

நிற்க. அண்டை வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா? வயிற்றை அமுக்கிப் பார்த்தால் பிஞ்சுக் காய்கள்போல் கையில் தட்டுப்படும் என்றார் ஒருவர். அதிலும் உண்மையில்லாமலில்லை, பழகிய கை பன்னிரண்டாம் நாளளவில் அப்படி அறியுமாம். பழகாத கை அமுக்கினால் இருக்கும் கருவும் கெட்டுவிடும் என்று வைத்தியர் தடுத்திருந்தார். மகளோ தினமும் பஞ்சுவின் அருகே குந்தியிருந்து, "வயிறு பெருத்திருக்கிறதா, உம்மா?" என்று கேட்பாள். நோன்பு நாளில் முயலுக்கு மட்டும் மூன்று வேளையும் புல்லும் முருங்கையும் போனால் வயிறு பெருக்காமல் என்ன செய்யும்!

பிள்ளைகளின் வாப்பா பலகையில் ஒரு பெட்டி அடித்தார். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். முன்பக்கம் மாத்திரம் அரை அடி, தாய் தாண்டிப் போகவும் குட்டிகள் வெளியே உருளாமலிருக்கவும். உள்ளே உலர்ந்த புல் பரப்பினோம். "குட்டியே இல்லையென்றால் பெட்டி எதற்கு?" என்று மூத்த மகன் கேட்டான். குட்டி இருந்து பெட்டி இல்லாதிருப்பதைவிடப் பெட்டி இருந்து குட்டி இல்லாதிருப்பது நல்லதென்று அவனுடைய வாப்பா கூறினார்.

நோன்பு 19. நாங்கள் கண்ட சம்பவத்திலிருந்து சரியாகப் பதினேழாம் நாள். மாலையில் பஞ்சு வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. இரவு பார்த்தால் மார்பிலும் வயிற்றிலும் மயிரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் குவித்திருந்தது. பதினேழாம் நாள்! பொய்ச்சினை என்றே நான் தீர்மானித்தேன். வைத்தியருக்குச் செய்தி அனுப்பினேன். அவருடைய பதில் சுருக்கமாக வந்தது: "குட்டி பிறந்தால் மெய், பிறக்காவிட்டால் பொய். இரண்டுக்கும் பெட்டி ஒன்றுதான். அப்படியே இருக்கட்டும்."

சஹருக்கு எழுந்தபோது விளக்கை எடுத்துக்கொண்டு கூட்டருகே போனேன். பெட்டிக்குள் மயிர்க் குவியல் அசைந்தது. பெட்டிக்கு வெளியே, சீமெந்துத் தரையில், கட்டைவிரலிலும் சற்றே பெரிதாக, உரோமமற்ற ஒரு சிவந்த உடல் கிடந்தது. தொட்டேன். குளிர்ந்திருந்தது.

அப்படியானால் நாங்கள் கண்டது முதல் தடவையன்று. ஏப்ரல் நடுவில், நாங்கள் காணாத ஏதோ ஒரு வேளையில் அது நேர்ந்திருக்கிறது.

மகளை எழுப்ப வேண்டாமென்றே நினைத்தேன். ஆனால் அவள் ஏற்கனவே என் பின்னால் நின்றாள். அழவில்லை. "மௌத்தாகிவிட்டதா?" என்று மட்டும் கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். மாமி வந்தார். ஒன்பது பெற்று ஆறைத் தக்கவைத்தவர் அவர். ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் குட்டியை இரு உள்ளங்கைக்குள் பொத்தி, முந்தானையால் மூடிக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிட்டார். குளிர்ந்த குட்டியைச் சூடேற்றிப் பார்க்காமல் இறந்ததென்று ஒதுக்கக்கூடாது என்பதை வைத்தியர் எனக்குச் சொல்லியிருந்தார். மாமிக்கு அதை யார் சொன்னார்களோ! நான் போத்தலில் வெந்நீர் நிரப்பித் துணியால் சுற்றிக் கொடுத்தேன். சஹர் முடியும் நேரம் நெருங்கியது. சோறு உண்ண அழைத்தோம். "இது அசையட்டும்" என்றார். ஒரு மிடறு தண்ணீரோடு அன்றைய நோன்பை நோற்றார். சுபஹுத் தொழுகைக்கு முன் அது காலை உதைத்தது.

மொத்தம் ஐந்து. ஒன்று பெட்டிக்குள்ளேயே இறந்து பிறந்திருந்தது. அதை முருங்கையடியில் புதைத்தோம். நால்வர் எஞ்சினர்.

மாமிக்கு ஒரு மனக்குறை. அவர் சிறு வயதில் காட்டு முயற் குட்டிகளைக் கண்டிருக்கிறாராம். அவை பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்குமாம். "இவை மாதம் முற்றாமல் பிறந்தவை, மகள், தங்காது" என்றார். அவர் கண்டதும் உண்மையே. இலங்கைக் காட்டில் திரிவது வேறு இனம். அது வளைக்குள் ஈனுவதில்லை. வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின் தேசத்து வளைகளில் வாழ்ந்தவை. அவற்றின் குட்டிகள் வெற்றுடலோடும் மூடிய கண்ணோடும்தான் பிறக்கும். பத்து, பன்னிரண்டு நாள் சென்றே கண் திறக்கும்.

அடுத்த கலவரம், தாய் பால் கொடுப்பதாகவே தெரியவில்லை என்பது. பகல் முழுவதும் பஞ்சு பெட்டியை எட்டியும் பாராமல் மூலையில் படுத்திருந்தது. மனிதக் கை பட்டதால் வெறுத்துவிட்டது என்றார் ஒருவர். பசும்பாலைப் பஞ்சில் நனைத்துப் புகட்டச் சொன்னார் இன்னொருவர். வைத்தியர் இரண்டையும் மறுத்தார். முயல் நாளுக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவையே பாலூட்டும். அதுவும் மூன்று, நான்கு நிமிஷந்தான். மற்ற நேரமெல்லாம் விலகியே இருக்கும். அருகில் இருந்தால் பகைப் பிராணிகளுக்குக் குட்டியின் இடம் தெரிந்துவிடும் என்பதால் வந்த வழக்கம். காலையில் குட்டியின் வயிறு உருண்டு, மெல்லிய தோலுக்கடியில் பால் வெள்ளையாகத் தெரிந்தால் போதும். தெரிந்தது. அத்துடன் நோன்பு மாதம் எனக்கொரு சலுகையும் அளித்தது. ஊர் உறங்கும் வேளையில் சஹருக்கு விழித்திருந்தமையால் இருமுறை அந்தக் காட்சியைக் கண்டேன். பஞ்சு ஓசையின்றிப் பெட்டிக்குள் தாவும். குட்டிகள் மல்லாந்து முண்டும். என் கஞ்சி ஒரு கொதி வருமுன் அது வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொள்ளும்.

இவ்வளவையும் எழுதியது இனிச் சொல்லப்போகும் ஒரு பேச்சுக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

குட்டி பிறந்த அன்று பின்னேரம், கோழிக்கூட்டில் ராணி கம்பியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மாமிக்கு இரக்கம் வந்துவிட்டது. "தகப்பனல்லவா! பிள்ளைகளை ஒருதரம் பார்க்கட்டுமே. எத்தனை நாள் பிரித்து வைப்பாய்?" என்று கூட்டின் கதவில் கையை வைத்தார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். மருமகள் மாமியின் கையைப் பிடித்துத் தடுப்பது எங்கள் வீட்டில் நடவாத காரியம். அவருடைய முகம் மாறியது.

வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். முயல் குட்டி ஈன்ற அன்றே, சில மணி நேரத்துக்குள்ளேயே, மீண்டும் சினைப்படும். இப்போது இவனை விட்டால், இந்த நான்கும் பால் மறப்பதற்கு முன்னரே அடுத்த ஈற்று வந்துவிடும். பஞ்சுவே இன்னும் வளர்ந்து முடியாத பிள்ளை.

மாமி கதவிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையோடு அங்கேயே நின்றார். பிறகு, என்னைப் பாராமல், "இவளுக்கு நாற்பது இல்லையா?" என்று கேட்டார்.

பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் தனியே வைத்துப் பார்க்கும் எங்கள் வழக்கத்தையே அவர் குறிப்பிட்டார். முயலுக்கு ஏது நாற்பது என்று நான் சிரிக்கப் போனேன். நல்லவேளை, சிரிக்கவில்லை.

"எனக்கு மூன்றாவதும் நான்காவதும் ஒரே வருஷத்தில், மகள். நாற்பது முடிந்ததும் முடியாததுமாய். எழும்பி நடக்கவும் சீவனில்லை. இப்படிக் குறுக்கே வந்து கையைப் பிடிக்க எனக்கு ஒருவரும் இருக்கவில்லை."

நான்காவது குழந்தை தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அது எந்தச் சூழலில் பிறந்தது என்பது பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்தும் எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் வாப்பாவுக்கும் தெரியாதென்றே நினைக்கிறேன். அன்றிரவு அவரிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார்.

மறுநாட் காலை பார்த்தால் கோழிக்கூட்டின் கதவு மூன்று இடங்களில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. மாமியின் முடிச்சு, எவராலும் எளிதில் அவிழ்க்க முடியாது. அன்றிலிருந்து ராணிக்கு இலை போடுவது அவர் பொறுப்பாயிற்று. வேறெவரும் அந்தக் கதவை நெருங்கக் கூடாது என்பது கட்டளை.

மகளுக்குத்தான் இது விளங்கவில்லை. பெருகினால் நல்லதுதானே என்றாள். அவளுடைய வாப்பா அவுஸ்திரேலியாவின் கதையைச் சொன்னார். 1859ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்தில் தோமஸ் ஒஸ்டின் என்னும் நிலக்கிழார், வேட்டையாடி மகிழ்வதற்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வருவித்தார். அவற்றின் வமிசம் பெருகிக் கண்டத்தின் பெரும்பகுதியில் புல்லையும் பயிரையும் தின்று தீர்த்தது. வேலி நூற்றுக்கணக்கான மைலுக்குப் போட்டும் அடங்கவில்லை. மகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, குறிஞ்சாக்கேணிக்கு அவ்வளவு முருங்கை இல்லை என்று ஒப்புக்கொண்டாள்.

பெருநாளன்று குட்டிகளுக்குக் கண் திறந்தது. பெருநாள் தொழுகையையும் வீட்டிலேயே தொழுத வருஷம் அது. விருந்தாளிகள் எவரும் வரவில்லை. ஆகவே புத்தாடை அணிந்த பிள்ளைகள் அன்று பகல் முழுவதும் கூட்டைச் சுற்றியே இருந்தனர். மாமி சூடேற்றிக் காப்பாற்றிய குட்டிதான் கடைசியாகக் கண் திறந்தது.

ஊரடங்கு நீங்கியபின் ஆண் முயலுக்கு விதை அகற்றும் சிகிச்சையைப் பற்றி விசாரித்தோம். சிகிச்சை செய்த பிறகும் நான்கு, ஐந்து வாரம் பிரித்தே வைக்கவேண்டும், அதுவரை அதன் வீரியம் முற்றாக நீங்காது என்று கேள்விப்பட்டதும் மாமி, "அதற்கு என் கயிறே போதும்" என்று கூறிவிட்டார். இரண்டு கூடுகளுக்கும் நடுவே கம்பிவலை அடித்தோம். வலையின் இருபுறமும் இரண்டும் முதுகோடு முதுகு சாய்ந்து உறங்கப் பழகிக்கொண்டன.

எட்டு வாரமானதும் குட்டிகளைக் கேட்டு அயலவர் வந்தனர். அப்போது கிண்ணியாவுக்குப் போய்வருவது இலகுவாயிருந்தது. பாலவேலைக்காக வழி அடைபட்டதும், 2021 நவம்பரில் படகுப்பாதை கவிழ்ந்து எங்கள் பள்ளிப் பிள்ளைகளை நீர் கொண்டதும் அதற்குப் பின்னால். அதைப் பற்றி எழுத இன்னும் கை வரவில்லை. நான்கு குட்டிகளையும் ஒரு கூடையில் வைத்து வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். மூன்று பெண், ஒன்று ஆண் என்றார். பன்னிரண்டாம் வாரத்தில் இன்னொருமுறை பார்த்த பின்னரே நம்புங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டாம் வாரத்தில் பார்த்தபோது இரண்டு பெண், இரண்டு ஆண். அதுவரை ஒருவருக்கும் கொடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

ஒரே ஒரு சோடி வேண்டும் என்று தெருமுனை வீட்டுப் பெண் மிகவும் வருந்திக் கேட்டாள். மாமி அவளுக்கு இரண்டு பெண் குட்டிகளையே கொடுத்தார். கொடுக்குமுன் அவளைத் திண்ணையில் உட்காரவைத்து, ஒரு குட்டியை மல்லாத்தி, எங்கே அழுத்திப் பார்க்கவேண்டும் என்பதையும் காட்டினார்.

ராணியின் பெயரை ராஜாவென்று மாற்றலாமென மூத்தவன் சொன்னான். தங்கை சம்மதிக்கவில்லை.